மூன்று முறை சொன்ன சொல்

சற்று நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற முறை ஊருக்கு வரும்போது விமானத்தில் அவசர வழியை ஒட்டிய இருக்கை எனக்கு வாய்த்தது. புறப்படும் முன் பணிப்பெண் அருகில் வந்து, ஆபத்து நேர்ந்தால் இந்தக் கதவைத் திறந்து பிறர் வெளியேற உதவச் சம்மதமா என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் நகரவில்லை. "வாய்திறந்து சொல்ல வேண்டும்" என்றார். "சம்மதம்" என்று சொன்ன பிறகே அடுத்த வரிசைக்குப் போனார்.

நம் தலையசைப்பு ஆம் என்றும் பொருள்படும், இல்லை என்றும் பொருள்படும் என்பதற்காக மட்டும் அவர் அப்படிக் கேட்கவில்லை. சைகையை நம்பாதே, ஊகத்தை நம்பாதே, சொல்லைக் கேட்டு வாங்கு என்பது வானூர்திப் பணியாளர் அனைவருக்கும் கற்பிக்கப்படும் பாடம். அந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பாதுகாப்பின் வரலாறு என்றதும் நாம் எஞ்சினையும் ரேடாரையும் நினைக்கிறோம். மொழியியல் படித்தவர் கண்ணில் அது வேறொன்றாகவும் படுகிறது: விமானத்துக்குள் யார், யாரிடம், எதை, எப்படிச் சொல்லலாம் என்பதன் வரலாறு. அதன் இரண்டு முக்கியமான அத்தியாயங்கள் நம் நாட்டின் மேட்டு ஓடுபாதைகளில் எழுதப்பட்டவை. அங்குச் சென்று சேர்வதற்குமுன் சில வெளிநாட்டு விபத்துகளைக் கடந்துசெல்ல வேண்டும்.

1. ஒரு சொல்லின் இரு பொருள்

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். அருகிலுள்ள லாஸ் பால்மாஸ் நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இச்சிறு நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மாலையில் மூடுபனி இறங்கியது. டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்பட ஆயத்தமாய் நின்றது. அதே ஓடுபாதையில், பனிக்குள், எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747.

கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் யாகோப் ஃபான் சான்டன், அந்நிறுவனத்தின் 747 விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் தலைமை ஆசான். நிறுவனத்தின் விளம்பரத்தில் இடம்பெற்ற முகம் அவருடையது. பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானியை, இவ்வகை விமானம் ஓட்டத் தகுதியுடையவர் என்று ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் சோதித்துத் தேர்ச்சி தந்தவரும் அவரே.

கேப்டன் எஞ்சினின் விசையைக் கூட்டத் தொடங்கியபோது, நமக்கு இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி தடுத்தார். தெரியும், கேள் என்றார் கேப்டன். துணை விமானி கேட்டார். கட்டுப்பாட்டுக் கோபுரம் தந்தது, மேலெழும்பிய பின் எந்த வழியில் செல்ல வேண்டும் என்ற வழித்தட அனுமதி. புறப்படும் அனுமதி அன்று அது. ஆனால் "டேக் ஆஃப்" என்ற சொல் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும் முன்பே விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. "நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடரை அவர் சேர்த்துச் சொன்னார். கோபுரத்தில் இருந்தவர் அதைப் "புறப்படும் நிலையில் நிற்கிறோம்" என்று கொண்டார். டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்க இடவேற்றுமை போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதன் சாயலே அந்த ஆங்கிலத் தொடரில் விழுந்தது என்று மொழியியலார் சிலர் விளக்குவதுண்டு. கோபுரத்திலிருந்து முதலில் வந்த பதில் "ஓகே." அதன்பின் வந்த "நில்லுங்கள், நான் அழைக்கிறேன்" என்பதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்ற பான் ஆம் விமானியின் குரலும் ஒரே நொடியில் மோதி, வானொலியில் ஒரு கீச்சொலியாய்ச் சிதைந்தன.

பனிக்குள் ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் ஒருவருக்கு மட்டும் ஐயம் எழுந்தது. பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளர், அப்படியானால் அந்த பான் ஆம் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார் கேப்டன். பொறியாளர் அடங்கிவிட்டார். சில நொடிகளில் 583 உயிர்கள் போயின. விமானப் பயண வரலாற்றில் இன்றுவரை அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

அதன் பின்னர் உலகெங்கும் வானொலிப் பேச்சின் இலக்கணம் மாறியது. "டேக் ஆஃப்" என்ற சொல்லை அந்த அனுமதியைத் தரும்போதோ விலக்கும்போதோ மட்டுமே உச்சரிக்க வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் "டிபார்ச்சர்". முக்கியமான கட்டளைக்கு "ஓகே" விடையாகாது. கேட்டதை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்றாட மொழிக்கு வளம் சேர்ப்பது ஒரு சொல்லின் பல பொருள். வானில் அதுவே கொலைக்கருவி.

சொல்லைத் திருத்துவது எளிது. அந்தப் பொறியாளர் ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை என்பதுதான் கடினமான கேள்வி.

2. முகம் கோணாத பேச்சு

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்குமேல் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. தரையிறங்கு சக்கரத்தில் ஏதோ கோளாறு. கேப்டனின் கவனம் முழுவதும் அதில். எரிபொருள் குறைந்துவருவதை உடனிருந்தோர் அறிந்திருந்தார்கள், சுட்டியும் காட்டினார்கள். ஆனால் "இப்போதே இறங்கியாக வேண்டும்" என்று எவரும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் அணைந்து விமானம் நகர்ப்புறத்தில் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர்.

1982 ஜனவரி 13, வாஷிங்டன். பனி பொழியும் நாளில் ஏர் ஃப்ளோரிடா விமானம் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தது. உணர்கருவி பனியில் அடைபட்டதால் எஞ்சினின் விசை உள்ளதைவிட அதிகமாகக் காட்டப்பட்டது. இது சரியாகத் தெரியவில்லையே என்று துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். சரியாகத்தான் இருக்கிறது என்றார் கேப்டன். துணை விமானியும் ஒரு கட்டத்தில், சரியாக இருக்கலாம் என்று இறங்கிவந்தார். எழும்பிய விமானம் பாலத்தில் மோதி உறைந்த ஆற்றில் விழுந்தது. 78 பேர் மாண்டனர்.

போர்ட்லண்ட் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கேப்டன்களுக்குப் பிறர் கருத்தைக் கேட்கும் பயிற்சியும் மற்றவர்களுக்கு அழுத்திச் சொல்லும் பயிற்சியும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1979இல் நாசா இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் முதல் முழுமையான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று சி.ஆர்.எம். என்று வழங்கும் பயிற்சியின் பிறப்பு இது. தொடக்கத்தில் அதன் முதலெழுத்து "காக்பிட்"டைக் குறித்தது. பின்னர் "க்ரூ" என்று மாறி, விமானிகளின் அறையிலிருந்து பணியாளர் அனைவருக்கும் விரிந்தது.

இங்கே தமிழர் அறிந்து மகிழத்தக்க ஒரு தொடர்பு உண்டு. மரியாதைப் பேச்சைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற கோட்பாடு பெனலபி பிரௌன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவருடையது. 1978இல் வெளிவந்த அந்த ஆய்வு மூன்று மொழிகளை அடித்தளமாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், மற்றும் தமிழ். லெவின்சன் கோவை வட்டாரச் சிற்றூர் ஒன்றில் தங்கி, மக்கள் ஒருவரையொருவர் எப்படி விளிக்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள் என்று பதிவு செய்தார். அவர்கள் கோட்பாட்டின் மையச் சொல் "முகம்". பிறர் முகத்தைக் காயப்படுத்தாமல் இருக்கவே மனிதர் சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள் என்பது அதன் சாரம். நமக்கு இது புதிதன்று. முகம் கோணாமல் பேசு, முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாதே என்பவை நம் வீட்டு அறிவுரைகள். மாமனாரிடம் "பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புங்கள்" என்று சொல்லமாட்டோம். "பஸ் இந்நேரம் வந்திருக்குமோ" என்போம். அவர் புரிந்துகொண்டால் நல்லது. புரியாவிட்டால் பேருந்து போய்விடும், அவ்வளவுதான்.

பேருந்து போகலாம். விமானம் போகலாமா?

சார்லட் லிண்ட் என்ற மொழியியலாளர் இக்கோட்பாட்டைக் கையிலெடுத்து, விமானிகளின் அறைப் பேச்சை ஆராய்ந்தார். 1988இல் வெளியான அவருடைய கட்டுரை காட்டியது இது: கீழிருப்பவர் மேலிருப்பவரிடம் பேசும்போது சொல்லை மென்மையாக்குகிறார்; மென்மையாக்கிச் சொன்ன யோசனை காதில் ஏறாமல் போகும் வாய்ப்பு அதிகம். நாம் நல்ல வளர்ப்பு என்று போற்றும் ஒரு பண்பு, சில நொடிகளே எஞ்சியுள்ள இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று.

ஒன்றைக் கவனியுங்கள். கீழைநாட்டார் பணிவு மிக்கவர்கள், ஆகவே அவர்கள் விமானங்கள் விழுகின்றன என்று ஒரு விளக்கம் மேலைநாட்டு நூல்களில் உலவுகிறது. ஆனால் இதுவரை நான் குறிப்பிட்டவர்கள் டச்சுக்காரர்கள், அமெரிக்கர்கள். அச்சமும் பணிவும் எந்தப் பண்பாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல. அவை படிநிலையின் பிள்ளைகள்.

3. கதவுக்கு இப்பாலும் அப்பாலும்

விமானிகளுக்குள் இருந்த சுவரைவிட உயரமான சுவர் ஒன்று விமானிகளுக்கும் பயணியர் பகுதிப் பணியாளர்களுக்கும் இடையே இருந்தது. அது 1989இல் இருமுறை வெளிப்பட்டது.

ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற போயிங் 737 விமானத்தில் இடப்பக்க எஞ்சின் பழுதடைந்தது. விமானிகள் தவறுதலாக வலப்பக்க எஞ்சினை நிறுத்தினார்கள். வலப்பக்கத்தில் கோளாறு ஏற்பட்டது, நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இடப்பக்கத்தில் நெருப்பைக் கண்ணால் கண்ட பயணிகளும் பணியாளர்களும் அங்கே இருந்தார்கள். "இடப்பக்கம் அல்லவா எரிகிறது?" என்ற ஒரு கேள்வி அந்தக் கதவைக் கடந்து செல்லவில்லை. கெக்வொர்த் ஊரருகே விமானம் விழுந்து 47 பேர் இறந்தனர்.

மார்ச் 10. கனடாவின் டிரைடன். ஏர் ஒன்டாரியோ விமானத்தின் இறக்கைகளில் பனி படிந்திருந்தது. பணிப்பெண் ஒருவர் பார்த்தார். பயணிகளாக அமர்ந்திருந்த, பணியில் இல்லாத விமானிகளும் பார்த்தார்கள். விமானிகளுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணினார்கள். எழும்பிய விமானம் காட்டில் விழுந்தது; 69 பேரில் 24 பேர் மாண்டனர். உயிர்தப்பிய அப்பணிப்பெண் நீதிபதி மொஷான்ஸ்கி ஆணையத்தின்முன் சாட்சியளித்தார். விமானத்தை இயக்குவது குறித்துப் பணிப்பெண்கள் பேசுவதை விமானிகள் வரவேற்பதில்லை என்ற எண்ணமே தம் வாயைக் கட்டியது என்பது அவர் சாட்சியத்தின் சாரம்.

விமானிகளும் பயணியர் பகுதிப் பணியாளர்களும் சேர்ந்து பயிற்சி பெறும் முறை வலுப்பெற்றதற்கு இவ்விரு விபத்துகளும் முக்கியக் காரணங்கள். இன்று கதவு மூடப்படும்போது பணியாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்ப்பதை நாம் கேட்கிறோம். தம் கதவைத் தாம் பார்த்தால் போதாது. எதிர்ப்பக்கக் கதவை மற்றவர் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானிகளின் அறைக் கதவு உட்புறம் பூட்டிய அரண் ஆகிவிட்டது. உள்ளிருப்போருக்கு வெளியிலிருந்து கிடைக்கும் கண்ணும் காதும் பெரும்பாலும் உள்தொலைபேசியே. ஆகவே சொல்லின் பொறுப்பு கூடியிருக்கிறது.

பேச்சு வேலை செய்த நாளும் அதே ஆண்டில் உண்டு. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் டி.சி.-10 ஒன்றில் நடு எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் உதவும் எல்லா அமைப்புகளும் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானியையும் அறைக்குள் அழைத்துக்கொண்டார். நான்கு பேரும் கேட்டும் சொல்லியும் இரு எஞ்சின்களின் விசையை மட்டும் கொண்டு சூ சிட்டி வரை வந்து சேர்ந்தார்கள். 112 பேர் இறந்தாலும் 184 பேர் பிழைத்தனர். தனக்கு எல்லாம் தெரியும் என்று கேப்டன் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டோம் என்ற கருத்தை ஹெய்ன்ஸ் பின்னாளில் மேடைதோறும் சொல்லிவந்தார்.

4. சர்கி தாத்ரி: ஐவருக்கு ஒரு செவி

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1996 நவம்பர் 12 மாலை, ஏறத்தாழ 6.40 மணி. தில்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று 312 பேருடன் மேலெழும்பிக்கொண்டிருந்தது. பயணிகளுள் பெரும்பாலோர் இந்தியர். கஜக்ஸ்தானின் சிம்கென்டிலிருந்து 37 பேருடன் ஓர் இல்யூஷின்-76 தில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வானப்பரப்பின் பெரும்பகுதி விமானப்படையின் வசம் இருந்ததால், வருவோரும் போவோரும் ஒரே வழியைப் பயன்படுத்தினார்கள். உயரம் மட்டுமே அவர்களைப் பிரித்தது. சவூதி விமானத்துக்கு 14,000 அடி; கஜக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் கஜக் விமானத்தை எச்சரித்தார். ஆனால் விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் இரண்டாம்நிலை ரேடார் அன்று தில்லியில் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. விமானி சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை.

கஜக் விமானத்தின் அறையில் ஐவர் இருந்தனர். கோபுரத்துடன் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு வானொலி இயக்குநர் ஒருவருடையது. அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். விமானத்தை ஓட்டியவர்களோ கோபுரத்தின் ஆங்கிலத்தை முழுமையாகப் பின்தொடரும் நிலையில் இல்லை. "14,000 அடியில் எதிரே விமானம்" என்ற எச்சரிக்கையில் வந்த எண், இவர்கள் நிற்க வேண்டிய உயரத்துடன் குழம்பியது. விமானம் 15,000 அடியைத் தாண்டிக் கீழிறங்கியது. கடைசி நொடிகளில் வானொலி இயக்குநர் தவற்றை உணர்ந்து மேலேறச் சொன்னார். ஹரியாணாவின் சர்கி தாத்ரி ஊருக்கு மேலே இரு விமானங்களும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் இரு விமானங்கள் மோதியவற்றுள் இதுவே மிகக் கொடியது.

நீதிபதி லஹோட்டி ஆணையம், கஜக் விமானம் அனுமதியின்றிக் கீழிறங்கியதே காரணம் என்று முடிவு செய்தது. தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதலைத் தவிர்க்கும் டி.சி.ஏ.எஸ். கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. 1998இல் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் பேரவை, வானொலியில் பேசுவோரின் ஆங்கிலத் தேர்ச்சியை வலுப்படுத்தத் தீர்மானித்தது. 2003இல் ஆறு படிகள் கொண்ட அளவுகோல் வந்தது. பன்னாட்டு வான்வழியில் பணிபுரிய நான்காம் படியாவது வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என ஆறு கூறுகளிலும் விமானியைச் சோதிக்கிறார்கள். சர்கி தாத்ரி அதற்கு ஒரு முக்கியத் தூண்டுகோல் என்று துறையினர் சொல்வதுண்டு.

5. மங்களூர், பிறகு கோழிக்கோடு

இதுவரை கண்டவற்றில் சொல் தவறாக இருந்தது, அல்லது மென்மையாக இருந்தது, அல்லது சொல்லப்படவே இல்லை. அப்படியானால் சரியான சொல்லைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதுமா?

2010 மே 22 அதிகாலை. துபாயிலிருந்து 166 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மங்களூரை நெருங்கியது. குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த மேட்டு ஓடுபாதை அது. முனைக்கு அப்பால் பள்ளம். கேப்டன் பயணத்தின்போது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கியிருந்தார் என்று விசாரணை மன்றம் கண்டது. விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே இருந்தது; இறங்கும் வேகமும் மிகுதி. இத்தகைய நிலையில் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலேறி வட்டமிட்டு வர வேண்டும் என்பது விதி. அதற்கான சொல் "கோ அரவுண்ட்". துணை விமானி அதைச் சுற்றிவளைக்காமல், உரிய சொல்லாலேயே, மூன்று முறை சொன்னார். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் தன் பங்குக்குக் கூவியது. கேப்டன் தொடர்ந்தார். ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி தள்ளிச் சக்கரம் தரைதொட்டது. எஞ்சியது 2,800 அடி. 158 பேர் மாண்டனர். எட்டுப் பேர் பிழைத்தனர்.

விசாரணை அறிக்கையின் ஓர் இடம் எனக்கு இந்த முழு வரலாற்றின் நடுப்புள்ளியாகத் தோன்றுகிறது. துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் விமானத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிச் செய்யத் துணை விமானிக்கு அதிகாரம் உண்டா என்பதில் அன்றைய அறிவுறுத்தல்கள் தெளிவற்று இருந்ததே காரணமாகலாம் என்கிறது அறிக்கை. மொழியியலில் ஒரு பாலபாடம் உண்டு: கட்டளை என்பது வாக்கிய வடிவம் மட்டுமன்று, அதைச் சொல்ல உரிமையுள்ளவர் சொன்னால்தான் அது கட்டளை. வினைமுற்று ஏவலாக இருக்கலாம். சொல்பவர் ஏவும் இடத்தில் இல்லையென்றால் அது வேண்டுகோளாகவே காதில் விழும். டெனரீஃபில் சொல்லுக்குத் தெளிவு இல்லை. மங்களூரில் தெளிவு இருந்தது; அதிகாரம் இல்லை.

பத்தாண்டுகள் கழிந்தன. 2020 ஆகஸ்ட் 7. பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டில் தவித்தோரை அழைத்துவந்த வந்தே பாரத் விமானம், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, 190 பேருடன் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்தது. அதுவும் மேட்டு ஓடுபாதை. மழை, கேப்டன் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யவில்லை. முதல் முயற்சியைக் கைவிட்டு, மறுமுனையிலிருந்து, பின்காற்றோடு இறங்கினார்கள்.

கடைசி நொடிகளின் பேச்சை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. துணை விமானி முதலில், பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போன்ற ஒரு பொதுச் சொல்லைச் சொன்னார். பிறகு, தயக்கமும் தளர்வும் கலந்த குரலில் "கேப்டன்" என்று விளித்தார். அதன் பின்னரே "கோ அரவுண்ட்" என்றார். குறிப்பு, விளி, ஏவல். கோவைச் சிற்றூரில் லெவின்சன் கேட்ட மரியாதைப் படிகளை ஓர் இளைஞர் சில நொடிகளுக்குள் ஏறிக் கடந்திருக்கிறார். கடைசிப் படிக்கு வந்தபோது விமானம், தரைதொட வேண்டிய பகுதியைத் தாண்டிவிட்டது. ஓடுபாதையின் பாதியில் இறங்கிய விமானம் முனையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர்.

அறிக்கை கேப்டன் விதிமுறையை மீறித் தொடர்ந்ததைக் காரணமாகச் சொன்னது. துணை விமானி விமானத்தைத் தம் கையில் எடுத்து மேலேற்றத் தவறியதையும் அதே வாக்கியத்தில் சொன்னது. மங்களூரில் ஐயத்துக்கு இடமாக இருந்த உரிமை, கோழிக்கோட்டில் நிறைவேற்றத் தவறிய கடமை ஆகியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் தாளில் இருந்த விதி மாறியிருந்தது. நாவும் கையும் மாறவில்லை. இருவருக்கும் இடையே இருந்த படிநிலையின் செங்குத்தையும் அறிக்கை சுட்டுகிறது.

இறந்தோரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்தக் கேப்டன் நீண்ட அனுபவம் உடையவர், பலரால் மதிக்கப்பட்டவர். அந்த மதிப்பே துணை விமானியின் நாவைத் தாமதிக்க வைத்தது என்றால், குறை தனிமனிதரிடம் இல்லை. மதிப்பையும் மௌனத்தையும் ஒன்றாகக் கற்பிக்கும் நம் வழக்கத்தில் இருக்கிறது.

6. பழக்கம் என்னும் பாதுகாப்பு

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது இதுதான். ஒரு சொல் உயிரைக் காக்க நான்கு வேண்டும். சொல் ஒரு பொருளே தர வேண்டும். டெனரீஃப் அதைக் கற்றுத்தந்தது. இருவருக்கும் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சர்கி தாத்ரி அதைக் கற்றுத்தந்தது. சொல்பவருக்கு, கேளாதபோது செயல்படும் உரிமை வேண்டும். மங்களூர் அதைக் கற்றுத்தந்தது. அந்த உரிமை சிந்திக்க நேரமில்லாத நொடியிலும் தானாக வெளிப்படும் பழக்கமாக இருக்க வேண்டும். கோழிக்கோடு கற்றுத்தரும் பாடம் அது.

முதல் மூன்றையும் ஆணையிட்டுப் பெறலாம். நான்காவதை அப்படிப் பெற முடியாது. விமானத்துக்குள் நுழையும் இளைஞர் அதற்கு முன் இருபது ஆண்டுகள் வீட்டிலும் பள்ளியிலும் கல்லூரியிலும் வாழ்ந்தவர். பெரியவர் பேசும்போது குறுக்கிடாதே என்று கேட்டு வளர்ந்தவர். ஆசிரியர் பலகையில் தவறாக எழுதினால் பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுத்துவிட்டு அமைதியாக இருந்தவர். ஆய்வு மாணவர்களாகிய நாமும் அதற்கு விலக்கல்லர். வழிகாட்டியின் கருத்தில் பிழை கண்டால், "ஒருவேளை இப்படியும் பார்க்கலாமோ, சார்?" என்றுதான் தொடங்குகிறோம். அதையும் அவர் கவனிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம். ஆய்வேட்டில் ஒரு பிழை தங்கும், உயிர் போகாது. ஆனால் அறுவை அரங்கிலும், அணுமின் நிலையத்திலும், ரயில் கட்டுப்பாட்டு அறையிலும், விமானத்திலும் நாம் கொண்டுசெல்வது இதே நாவைத்தான்.

மரியாதையைக் கைவிட வேண்டியதில்லை. மரியாதையின் பொருளைத்தான் சற்று மாற்ற வேண்டும். தவற்றைச் சொல்லாமல் விடுவது ஒருவரை மதிப்பதாகாது. அவர் திருத்திக்கொள்வார் என்று நம்பிச் சொல்வதே மதிப்பு. மேலே இருப்பவரின் கடமை இன்னும் பெரிது. சூ சிட்டியில் ஹெய்ன்ஸ் செய்ததைப் போல, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று முதலில் அவர் சொல்ல வேண்டும். கீழிருப்பவரின் நாவைத் திறக்கும் சாவி அவர் கையில் இருக்கிறது.

அன்று அவசர வழியருகே என்னிடம் "வாய்திறந்து சொல்ல வேண்டும்" என்ற அந்தப் பணிப்பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு சடங்காகத் தோன்றியது. இத்தனை பேர் வாய்திறவாமல் போன வரலாற்றைப் படித்த பின்னர் அப்படித் தோன்றவில்லை. அடுத்த முறை அவ்விருக்கை கிடைத்தால், கேட்கும் முன்பே சத்தமாகச் சொல்லிவிடுவேன்.

உங்கள் பணியிடத்தில், சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்ட தருணம் உண்டா? எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.